காசிமேட்டு மங்கம்மாவும் நீலப் படுதாவும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் காசிமேட்டுக்குப் போய் மீன் வாங்குகிறவர்கள் எல்லாருக்கும் மங்கம்மாவைத் தெரியும். பேர் தெரியாது, ஆளைத் தெரியும். வாங்கிய மீனை வெட்டிச் சுத்தம் செய்து கொடுக்கிற பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்களே, அதில் கோடியிலிருந்து மூன்றாவது ஆள். எட்டுக் கிலோ வஞ்சிரத்தை ஒரே கையால் தூக்கிக் கட்டையில் போட்டு, பேசிக்கொண்டே துண்டு போடுவாள். துண்டுகள் எல்லாம் ஒரே கனத்தில் இருக்கும். வாய் மட்டும் கொஞ்சம் அளவுக்கு மிஞ்சி ஓடும்.

அவள் இடுப்பிலிருந்து தரைவரை ஒரு நீலப் படுதா மூடியிருக்கும். மழைக்கு லாரிமேல் போடுவார்களே, அந்தப் படுதாவில் ஒரு துண்டு. "மீன் ரத்தம் தெறிக்குதுல்ல" என்று காரணம் சொல்வாள். பக்கத்தில் வெட்டுகிற யாருக்கும் தெறிக்காத ரத்தம் இவளுக்கு மட்டும் தெறிக்குமாம். வாடிக்கையாளர்கள் வருவதற்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவாள். அவர்கள் எல்லாரும் போன பிறகுதான் ஐஸ் வண்டிக்குப் பின்னால் நிறுத்திய மூன்று சக்கர ஸ்கூட்டரை யாராவது எடுத்து வந்து கொடுப்பார்கள். பதினான்கு வருடமாக அவளிடம் மட்டுமே மீன் வெட்டக் கொடுக்கிற வக்கீல் ஜெபசிங்குக்கு, அவளுக்கு நடக்க வராது என்பது போன வருடம்வரை தெரியாது.

நான் சபீஹா. தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஆறாம் வகுப்பிலிருந்து மங்கம்மாவும் நானும் ஒரே பெஞ்சு. எங்கள் செட்டில் எல்லாரும் வினிதா, கவிதா என்றிருக்க, இவளுக்கு மட்டும் மங்கம்மா என்று அந்தக் காலத்துப் பேர். அதற்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போனது.

இரண்டு வயதில் போலியோ வந்து இரண்டு காலும் போனது. இடது காலில் சுத்தமாகத் தெம்பு இல்லை. வலது காலில் நிற்கிற மாதிரி காட்டுவாள். காட்டுவாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு கையால் எதையாவது பிடித்துக்கொண்டு, இடுப்பை ஒரு எம்பு எம்பினால் கால் தானாக மேலே வரும். பார்ப்பவர்களுக்குக் கால்தான் தூக்குகிறது என்று தோன்றும். அந்த எம்பை வைத்தே பஸ் ஏறினாள், பள்ளிக்கூடப் படி ஏறினாள், எட்டாம் வகுப்புவரை பிரேயரில் சுவரைப் பிடித்துக்கொண்டு எல்லாரோடும் நின்றாள். யாராவது கை கொடுக்க வந்தால் பல்லைக் காட்டிக் கடிக்கிற மாதிரி பார்ப்பாள்.

எட்டாம் வகுப்பில் ஒருநாள் காற்றில் பாவாடை விலகி, ஒரு பெண் அவள் காலைப் பார்த்துவிட்டாள். "ஐயே" என்றாள். அவ்வளவுதான் நடந்தது. அன்றிலிருந்து மங்கம்மாவின் காலை எவரும் பார்த்ததில்லை, நான் உட்பட. முதலில் தாவணி, பிறகு துண்டு, பிறகு படுதா. அந்த 'ஐயே' சொன்னவளின் பையன் இப்போது என் வகுப்பில் படிக்கிறான். அவனுக்கு நான் ஒரு மார்க்கும் குறைத்துப் போட்டதில்லை. ஆசை இருந்தது என்பதை மறைக்கவில்லை.

வட்டு எறிதலுக்கு அவள் வந்தது குக்கருக்காக. மாற்றுத்திறனாளிகள் தினத்து விளையாட்டு விழாவில் ஜெயித்தால் குக்கர் தருகிறார்கள் என்று யாரோ சொல்ல, என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நாற்காலியில் உட்கார்ந்தபடி வட்டை எறிய வேண்டும். மீன் தூக்கிப் பழகிய கை. வட்டு போய் விழுந்த இடத்தில் டேப் பிடிக்க யாரும் நிற்கவே இல்லை. இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் நின்றுகொண்டிருந்த ஒருவர் பதறி நகர்ந்தார்.

அவர்தான் நோயல். துறைமுகத்தில் வேலை. ஒரு கை முழங்கையோடு போன பிறகு ஈட்டி எறிந்து மாநில அளவில் பதக்கம் வாங்கியவர். எங்களைவிட நாலைந்து வயது சின்னவர். அன்று சாயங்காலமே மங்கம்மாவின் அண்ணன் எத்திராஜ் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அக்கா, இந்தக் கைய வெச்சிகினு மீன் மட்டும் வெட்டிகினு இருந்தா பாவம்க்கா" என்றார்.

"குக்கரு எப்ப தருவாங்கோ?" என்றாள் மங்கம்மா.

குக்கர் வந்தது, நோயலும் விடவில்லை. காலையில் மீன், சாயங்காலம் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு மைதானம் என்று அவள் வாழ்க்கை மாறியது. மணலித் தொழிற்சாலைகள் பக்கத்துக் காற்று அடிக்கிற நாளில் துப்பட்டாவை மூக்கில் சுற்றிக்கொண்டு எறிவாள். அறுபது எறி எறியாமல் ஸ்கூட்டர் ஏற மாட்டாள். அங்கேயும் காலை மூட மடியில் ஒரு துண்டு இருக்கும், உள்ளூர்ப் போட்டிகளில்கூட யாரும் அதை எடுக்கச் சொன்னதில்லை. மழை பெய்து மைதானம் குளமாகக் கிடந்த ஒரு வாரம், ஐஸ் உடைக்கிற இடத்தில் சுவரைப் பார்த்து ஈரச் சாக்கை எறிந்துகொண்டிருந்தாள். அடம் என்றால் அப்படி ஒரு அடம். அவளை நினைத்து எனக்குப் பெருமையாக இருக்கும், பொறாமையாகவும் இருக்கும். எனக்கெல்லாம் மழை பெய்தால் பள்ளிக்கூடத்துக்கு லீவு போடத்தான் தோன்றும்.

இந்த விளையாட்டுக்கு நாற்காலி முக்கியம். அதை என் வீட்டுக்காரர் ஹபீபுல்லா செய்துகொடுத்தார். விம்கோ நகரில் வெல்டிங் கடை வைத்திருக்கிறார். சாய்மானம், கைப்பிடி, பூ வேலை எல்லாம் வைத்து ஒரு சிம்மாசனம் செய்து கொண்டுவந்தார். நோயல் டேப் வைத்து அளந்தார். இருக்கை எழுபத்தைந்து சென்டிமீட்டருக்குமேல் இருக்கக் கூடாது, இது எண்பத்திரண்டு. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் அறுத்துக் குறைத்தார். இடது கைக்குப் பிடிக்க முன்னால் ஒரு கம்பி. எறியும்போது நாற்காலி அசையாமல் தரையோடு கட்ட, கன்டெய்னர் லாரிகளில் சரக்கை இறுக்குகிற பட்டைகள். எங்கள் பக்கத்தில் அதற்கா பஞ்சம்.

விதி ஒன்றுதான், ஆனால் பொல்லாதது. எறிந்த வட்டு தரையில் விழும்வரை பின்பக்கம் இருக்கையை விட்டு எழும்பக் கூடாது. எழும்பினால் சிவப்புக் கொடி. எம்பி எம்பியே வாழ்ந்தவளுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள்.

நாலு வருடத்தில் மாவட்டம், மாநிலம், தேசிய அளவு என்று ஏறினாள். போன வருடம் டெல்லியில் ஒரு சர்வதேசப் போட்டிக்கு அழைப்பு வந்தது. அதில் அவள் பிரிவில் இருபது மீட்டர் எறிந்தால், ஆசியப் போட்டிக்கான பயிற்சி முகாமில் இடம். பயிற்சியில் அவளுடைய அதிகபட்சம் இருபது மீட்டர் அறுபது. வயது முப்பத்தொன்பது. அடுத்த ஆசியப் போட்டி வரும்போது தோள் இப்படி இருக்காது என்று அவளுக்கே தெரியும்.

துணைக்கு நான் போனேன். என் இங்கிலீஷ் அரைகுறைதான், அவளுடையது அதுவும் இல்லை.

போட்டிக்கு முந்தைய நாள் காலையில் உடல் பரிசோதனை. உட்கார்ந்து எறிபவர்களை, உடம்பு எவ்வளவு ஒத்துழைக்கிறது என்று பார்த்துப் பிரிவு பிரிப்பார்கள். இங்கே உள்ளூர்ப் போட்டிகளில், மருத்துவச் சான்றிதழை வைத்து, மங்கம்மா ஐம்பத்தைந்தாம் பிரிவு. இடுப்புக்கு மேலே நன்றாக வேலை செய்யும், காலால் உதவி இல்லை என்று அர்த்தம். ஐம்பத்தேழு என்றால் காலில் கொஞ்சம் தெம்பு உண்டு, ஊன்றித் தள்ளி எறியலாம். சர்வதேசப் போட்டிக்கு மறுபடி புதிதாகப் பார்த்து முடிவு செய்வார்களாம்.

ஒரு வெளிநாட்டு அம்மாவும் ஒரு டாக்டரும் இருந்தார்கள். மங்கம்மாவை மேசையில் படுக்கச் சொல்லி, பேண்டை மடிக்கச் சொன்னார்கள். அவள் மடித்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். நானும் சுவரைப் பார்த்தேன். வலது காலைத் தூக்கச் சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று குறித்துக்கொண்டார்கள். அந்த அம்மா என்னிடம், "அவசரமில்லை, வருவதை மட்டும் செய்தால் போதும் என்று சொல்லுங்கள்" என்றார். நான் சரியாகத்தான் சொன்னேன். சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

"நல்லா காட்டுடி" என்றேன்.

இருபது வருடமாகப் பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்புகிற வாய். ஐந்துக்கு மார்க் போடுகிறார்கள் என்றால் ஐந்தும் வாங்க வேண்டும், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மங்கம்மாவுக்கோ அந்நிய ஆள் முன்னால் 'வராது' என்று சொல்வதற்கு உயிரே போனாலும் நாக்கு எழும்பாது. மேசை விளிம்பைப் பிடித்தாள், இடுப்பை எம்பினாள், கால் மேலே வந்தது. அவர்கள் மறுபடி கேட்டார்கள். மறுபடி எம்பினாள். மூன்றாம் முறையும். நெற்றியெல்லாம் வேர்வை. டாக்டர் எழுதியதை எட்டிப் பார்த்தேன். ஐந்துக்கு மூன்று. வெளியே வந்ததும் அவள் முதுகில் தட்டினேன். "கெத்து காட்டிட்டோம்ல" என்றாள். இரண்டு பைத்தியங்களும் டீ குடித்தோம்.

மத்தியானம் பட்டியல் ஒட்டினார்கள். மங்கம்மாவின் பேருக்கு எதிரே ஐம்பத்தேழு.

நோயல் பட்டியலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், இருக்கிற ஒரு கையால் தலையில் அடித்துக்கொண்டார். ஐம்பத்தேழில் முகாமுக்கு இருபத்தாறு மீட்டர் வேண்டும். மங்கம்மா ஏழு ஜென்மம் எடுத்தாலும் அது வராது. காலை ஊன்றித் தள்ளுகிறவர்களோடு இவள் தோளை மட்டும் வைத்துக்கொண்டு மோத வேண்டும். நாலு வருடம், அத்தனை மழை, அத்தனை ஈரச் சாக்கு, எல்லாம் ஒரு காலைப்பொழுது கெத்தில் போயிற்று. என் வாயை வெல்டிங் வைத்து ஒட்டலாம் போலிருந்தது.

"இன்னும் ஒரு வழி கீதுக்கா" என்றார் நோயல். "நாளைக்கு நீ எறியறப்போ அதே ரெண்டு பேரும் பக்கத்துல நின்னு பாப்பாங்கோ. அங்க இன்னா பாக்குறாங்களோ அத்த வெச்சுதான் கடைசி முடிவு. துண்டு போட்டு மூடாத. அரை டிராயர் போட்டுக்கோ. கால் அதும்பாட்டுக்கு கெடக்கட்டும்."

மங்கம்மாவுக்கு முகம் சிவந்தது. "நொண்டி மாரி நடிக்கச் சொல்றியா நோயலு? நான் இன்னா பிச்சை எடுக்கவா வந்துகீறேன்?"

"ஐய, நடிக்கச் சொல்லலக்கா" என்றார் அவர். "காலைல மேசைல நீ காட்டினதுதான் நடிப்பு. அத்த நிறுத்துன்னு சொல்றேன்."

சாயங்காலம் விடுதியில் மங்கம்மா சப்பாத்தியைத் தொடவில்லை. பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"சபீ, எட்டாங்கிளாசுல 'ஐயே'ன்னாளே, அவ புள்ள எப்டி படிக்கிறான்?"

"கணக்குல முட்டை."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று அழுதாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "மன்னிச்சுக்கோடி, நான்தான் நல்லா காட்டுன்னு சொன்னேன்" என்றேன். "நீ சொல்லாங்காட்டியும் நான் அத்ததான் செஞ்சிருப்பேன்" என்றாள். அது உண்மைதான். இருந்தாலும் என் தப்பு தப்புதான்.

மறுநாள் அரை டிராயர் போட்டுக்கொண்டாள். அதன்மேல் துண்டை இறுக்கச் சுற்றிக்கொண்டாள்.

மைதானத்தில் நாற்காலியை நானும் இன்னொரு பெண்ணும் பட்டை போட்டு இறுக்கினோம். ஆறு எறியையும் ஒரே மூச்சில் எறிய வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம். நான் தடுப்புக்கு வெளியே போய் நின்றேன். அந்த வெளிநாட்டு அம்மாவும் டாக்டரும் பத்தடி தள்ளி, கையில் அட்டையோடு நின்றிருந்தார்கள். மங்கம்மா வட்டைக் கையில் எடுத்தாள்.

நடுவர் ஒருவர் வந்து துண்டைக் காட்டி, எடுக்கச் சொல்லிச் சைகை செய்தார். இருக்கை தெரிய வேண்டும். மங்கம்மா துண்டின் முனையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது, முப்பது, இருபது. சுற்றிலும் ஏழெட்டு நாட்டு ஆட்கள், கேலரியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். துண்டு அசையவில்லை. மணி அடித்தது, சிவப்புக் கொடி ஏறியது. முதல் எறி எறியாமலே போனது.

அப்புறம் அவள் துண்டை உருவி, சுருட்டி, என் பக்கமாக வீசினாள். தடுப்பைத் தாண்டி வந்து என் காலடியில் விழுந்தது.

இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு அவள் காலைப் பார்த்தேன். முருங்கைக்காய் மாதிரி ஒல்லியாக, முட்டி மட்டும் பெரிதாக, பாதம் உள்ளே திரும்பி. அவ்வளவுதான். இதற்கா இத்தனை வருடம் என்று இருந்தது. அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திட்ட வேண்டும் போலிருந்தது.

இரண்டாவது எறி. வட்டைப் பின்னால் கொண்டுபோய்ச் சுழற்றும்போது, பழக்கதோஷம், இடுப்பு எம்பியது. நல்ல தூரம் போனது. சிவப்புக் கொடி. எழும்பிவிட்டாள்.

"மங்கா, அது கெடக்கட்டும் வுடுடி!" என்று கத்தினேன். கத்தலாமா கூடாதா என்று யாருக்குத் தெரியும்? ஒரு நடுவர் முறைத்தார். முறைக்கட்டும்.

மூன்றாவதுக்கு அவள் குனிந்து, இரண்டு கையாலும் வலது காலை எடுத்து, நேராக வைத்தாள். ஒரு பொருளை எடுத்து வைக்கிற மாதிரி. எல்லாரும் பார்க்க. அது தொங்கியது. அவள் அதைப் பிறகு கண்டுகொள்ளவே இல்லை. கம்பியைப் பிடித்தாள், தோளைத் திருப்பினாள், எறிந்தாள். பதினெட்டு மீட்டர் எழுபது. வெள்ளைக் கொடி. நாலாவது பத்தொன்பது பத்து. எறியும்போது கால்கள் இரண்டும் துணி மாதிரி ஒரு பக்கமாக ஆடி நின்றன. அந்த வெளிநாட்டு அம்மா குனிந்து அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் அட்டையில் ஏதோ அடித்து எழுதினார்.

ஐந்தாவது எல்லைக் கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. இன்னும் ஒன்றுதான். நோயல் திரும்பி நின்றுகொண்டார். எனக்குத் தெரிந்த துவாவையெல்லாம் ஓதினேன்.

ஆறாவதற்கு அவள் அவசரப்படவில்லை. கடிகாரத்தில் பதினைந்து நொடி இருக்கும்போதுதான் வட்டைப் பின்னால் கொண்டுபோனாள். உடம்பு இருக்கையில் அழுந்தி இருந்தது, தோள் மட்டும் திரும்பியது. வட்டு தாழப் பறந்து, சமனாகப் போய் விழுந்தது. பலகையில் எண் வந்தது. இருபது மீட்டர் இருபத்திரண்டு.

அன்று எறிந்த ஐம்பத்தேழாம் பிரிவில் ஏழு பேரில் ஏழாவதாக வந்தாள். ஏழாவது வந்தவளைத் தூக்கிக்கொண்டு குதித்தவர்கள் அந்த மைதானத்தில் நாங்கள் மட்டும்தான். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தாள் கொடுத்தார்கள். ஐம்பத்தேழு அடிக்கப்பட்டு ஐம்பத்தைந்து என்று இருந்தது. அதற்கு இருபது மீட்டர் போதும். அந்த அம்மா மங்கம்மாவிடம் கை குலுக்கிவிட்டு, நேற்று இதைக் காட்டியிருந்தால் எல்லாருக்கும் வேலை மிச்சம் என்று சிரித்தார். அதை நான் தமிழில் சொன்னேன். மங்கம்மா, "நேத்து 'வராது'ன்னு சொல்ல வரல மேடம், இன்னிக்குத்தான் வந்துது" என்றாள். அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை, விட்டுவிட்டேன்.

அடுத்த வாரமே முகாமுக்குக் கடிதம் வந்தது. வருகிற மாதம் போகிறாள்.

கடிதம் வந்த ஞாயிற்றுக்கிழமை நான் காசிமேட்டுக்குப் போனேன். வரிசையில் கோடியிலிருந்து மூன்றாவது இடம் தூரத்திலிருந்தே வேறு மாதிரி தெரிந்தது. நாலு கழியை நட்டு, அந்த நீலப் படுதாவை மேலே கட்டியிருந்தாள். அதன் நிழலில் அவளும் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கால்கள் மீன் கட்டைக்குப் பக்கத்தில், செதில் ஒட்டிக்கொண்டு, அதுபாட்டுக்குக் கிடந்தன.

வக்கீல் ஜெபசிங் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மீனைக் கொடுக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏம்மா... உனக்கு... காலு..."

"போலியோ சார். ரெண்டு வயசுல" என்றாள் மங்கம்மா, கத்தியைத் தீட்டிக்கொண்டே. "பதினாலு வருஷமா இந்தப் படுதாவ மடியில போட்டுகினு மண்டை காயக் காய வெய்யில்ல குந்திகினு இருந்தேன். இப்பதான் அத்தத் தூக்கித் தலைக்கு மேல கட்டிகீறேன். வஞ்சரம் கொழம்புக்கா, வறுக்கவா?"

"வறுக்க" என்றார் வக்கீல்.